செல்ஃப் சுற்றுகிறது, வண்டி பிடிக்கவில்லை: பழைய காரில் கோளாறைத் தேடும் வழி

சாவியைத் திருப்பியதும் செல்ஃப் மோட்டார் சுற்றும் சத்தம் நன்றாகவே கேட்கிறது. இன்ஜினும் உருள்கிறது. ஆனால் பிடிக்கவில்லை. இன்னொரு முறை, இன்னும் ஒரு முறை என்று திருப்பத் திருப்பப் பேட்டரி இறங்குகிறதே தவிர வேறு மாற்றமில்லை. பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் ஒரு நாளாவது இந்த நிலையில் தெருவில் நின்றிருப்பார்கள். அப்போது பலரும் செய்வது, சந்தேகம் வந்த பாகத்தை உடனே மாற்றிப் பார்ப்பது. அதைத்தான் செய்யக் கூடாது என்று சொல்ல வருகிறேன். இந்தக் கோளாறை வரிசையாகத் தேடினால் காரணம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அதற்குத் தேவையான கருவிகளும் மிகக் குறைவு.

எங்கள் வீட்டில் 1994ஆம் ஆண்டு மாருதி 800 ஒன்று இருந்தது. ஒரு கார்த்திகை மாதம், நான்கு நாள் விடாத மழைக்குப் பிறகு, இதே கோளாறு. பட்டறைக்கு இழுத்துச் சென்றோம். புதுப் பேட்டரி, புது பிளக்குகள், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குப் புது கிட் என்று எல்லாம் போட்டார்கள். வண்டி வீடு வந்து சேர்ந்தது. அடுத்த மழையில் மறுபடியும் அதே நிலை. மாற்றிய பாகங்களில் ஒன்றுகூடக் கெட்டுப்போனதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. உண்மையான காரணத்தை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

முதலில், செல்ஃப் சுற்றுவது நல்ல செய்தி. செல்ஃப் மோட்டார், அதன் கனமான ஒயர், சாவித் துவாரத்தில் செல்ஃபுக்கு மின்சாரம் அனுப்பும் பகுதி, இன்ஜின் இறுகிப்போயிருக்குமோ என்ற பயம் ஆகிய நான்கையும் உங்கள் சந்தேகப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற ஒரு சத்தத்தோடு நின்றுவிடுவது முற்றிலும் வேறு கோளாறு. அதற்குச் சொல்லும் வைத்தியம் இதற்குப் பொருந்தாது.

இந்தப் பிரிவினைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் 1910இல் காடிலாக் கார்களுக்குப் பேட்டரியும் காயிலும் (வோல்ட்டை ஏற்றித் தரும் கம்பிச் சுருள்) சேர்ந்து பிளக்குக்குத் தீப்பொறி தரும் முறையைக் கொடுத்தார். அதே காடிலாக்கில் 1912இல், கைப்பிடி போட்டுச் சுற்றாமலே இன்ஜினைச் சுழற்றும் மோட்டாரும் அவர் முயற்சியால் வந்தது. இரண்டுக்கும் மின்சாரம் தருவது ஒரே பேட்டரிதான். ஆனால் இன்ஜினைச் சுற்றும் பாதை வேறு, பொறி தரும் பாதை வேறு. ஒன்று நலமாக இருக்கும்போதே மற்றது செத்துக் கிடக்கலாம். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நம் கார்கள் அந்த ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன.

பெட்ரோல் இன்ஜின் உயிர்பெற வேண்டுமானால் மூன்று காரியங்கள் ஒன்றாக நடக்க வேண்டும். பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலந்து சிலிண்டருக்குள் போக வேண்டும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று. அந்தக் கலவையை பிஸ்டன் நன்றாக அழுத்த வேண்டும். அழுத்தம் உச்சத்தை நெருங்கும் நேரத்தில் பிளக்கில் பொறி விழ வேண்டும். பட்டறை மொழியில் இவை பெட்ரோல், கம்ப்ரஷன், கரண்ட். பிடிக்காத வண்டியில் இந்த மூன்றில் ஒன்று இல்லை, அல்லது நேரம் தவறி வருகிறது.

காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்

பானெட்டைத் திறக்கும் முன் ஒருமுறை செல்ஃப் அடித்துக் கேளுங்கள். நல்ல இன்ஜின் சுற்றும்போது ‘கிர்ர்-கிர்ர்-கிர்ர்’ என்று ஒரு தாளம் இருக்கும். ஒவ்வொரு பிஸ்டனும் காற்றை அழுத்தும் இடத்தில் மோட்டார் சற்றுத் திணறி மீள்வதால் வரும் தாளம் அது. அந்தத் தாளமே இல்லாமல், வழக்கத்தைவிட வேகமாக, தையல் இயந்திரம் போலச் சீராகச் சுற்றினால் கம்ப்ரஷன் இல்லை என்று பொருள். இன்ஜின் சுழலுக்கேற்ப வால்வுகளை இயக்கும் பட்டையான டைமிங் பெல்ட் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் மேற்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டாம். சில இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

சுற்றுவது மந்தமாக, இழுத்து இழுத்து வந்தால் பேட்டரியைக் கவனியுங்கள். ‘செல்ஃப்தான் சுற்றுகிறதே, பேட்டரி எப்படிக் குறையாகும்?’ என்று கேட்கத் தோன்றும். செல்ஃப் மோட்டார் மின்சாரத்தை அள்ளிக் குடிக்கும். பலவீனமான பேட்டரியில் அந்த நேரத்தில் வோல்ட் விழுந்துவிடுவதால் காயிலுக்குப் போதிய மின்சாரம் மிஞ்சாது. இன்ஜின் உருளும், பொறி மட்டும் விழாது. நல்ல 12 வோல்ட் பேட்டரி, வண்டி நிற்கும்போது மீட்டரில் 12.6 வரை காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் அதை நம்ப முடியாது. பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, இறுக்கிவிட்டுப் பாருங்கள். செல்ஃபை விட்டுச் சாவி திரும்பி வரும் அந்த நொடியில் இன்ஜின் ‘டுப்’ என்று ஒருமுறை பிடிக்கப் பார்க்கிறதா? அது வோல்ட் குறைவுக்கு நல்ல அடையாளம். இத்தகைய கார்புரேட்டர் வண்டி, தள்ளிவிட்டால் உடனே கிளம்பிவிடும்.

ஒரு முறைக்குப் பத்து வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நிமிடமாவது இடைவெளி கொடுங்கள். ஒரு கோளாறைத் தேடப் போய்ச் செல்ஃப் மோட்டாரையும் எரித்துவிட்டால் செலவு இரட்டிப்பாகும்.

கேட்கக் கூச்சப்படக் கூடாத கேள்விகள்

தொட்டியில் பெட்ரோல் இருக்கிறதா? முள் காட்டுகிறது என்பது பதிலாகாது. பழைய வண்டியில் மிதவை சிக்கிக்கொண்டு, காலித் தொட்டிக்கும் கால் தொட்டி காட்டும். இரண்டு லிட்டர் ஊற்றிவிட்டு யோசியுங்கள். திருட்டுக்குப் பயந்து யாராவது மறைவாக ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்களா? இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் டாஷ்போர்டுக்கு அடியிலோ சீட்டுக்குக் கீழோ காயில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சைப் பலரும் பொருத்திக்கொண்டார்கள். மூன்றாம் கை, நான்காம் கை மாறிய வண்டியில் புது உரிமையாளருக்கு அது இருப்பதே தெரியாது. முழங்கால் பட்டு அணைந்துவிடும். மூன்றாவது, எலி. ஒரு வாரம் நகராத வண்டிக்குள் குடியேறி ஒயரைக் கடிக்கும். ஏர் ஃபில்டர் டப்பாவில் கூடு கட்டும். அந்த டப்பாவின் மூடியை ஒருமுறை கழற்றிப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

பிளக் சொல்லும் சாட்சி

இனி கருவி எடுக்கலாம். கரண்ட், பெட்ரோல் என்ற இரண்டு பக்கத் தேடலையும் ஒரே அடியில் பிரித்துக் காட்டுவது ஸ்பார்க் பிளக். ஐந்தாறு முறை செல்ஃப் அடித்த பிறகு ஒரு பிளக்கைக் கழற்றி அதன் மூக்கைப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே வரவில்லை. ஈரமாக, பெட்ரோல் வாடையோடு இருந்தால் பெட்ரோல் வந்துவிட்டது. பொறி விழவில்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி வந்து பிளக்கை நனைத்துவிட்டது. கறுப்பாகக் கரி படிந்திருந்தால் நாள்கணக்காகப் பெட்ரோல் கூடுதலாகப் போய்க்கொண்டிருக்கிறது.

அடுத்து கரண்ட் வருகிறதா என்று பார்ப்பது. கழற்றிய பிளக்கை அதன் ஒயரிலேயே மாட்டி, மரை உள்ள பகுதி இன்ஜினின் வெறும் இரும்பில் நன்றாகப் படும்படி வைத்து, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நல்ல பொறி நீல வெள்ளையாக, தடிப்பாக, ‘சட் சட்’ என்ற சத்தத்தோடு விழும். மஞ்சளாகவோ மெல்லிய சிவப்பாகவோ இருந்தால் அது பலவீனம். வெளிக்காற்றில் விழும் அந்தப் பொறி சிலிண்டரின் அழுத்தத்துக்குள் விழாது.

இங்கே எச்சரிக்கை தேவை. காயிலிலிருந்து வருவது 15,000 வோல்ட்டுக்கும் மேல். ஒயரைக் கையால் பிடிக்கக் கூடாது. ரப்பர் பிடி போட்ட குறடு வேண்டும். இதய மின்கருவி (பேஸ்மேக்கர்) பொருத்தியவர்கள் பக்கத்தில் நிற்கவே வேண்டாம். கழற்றிய பிளக் துவாரத்திலிருந்து பெட்ரோல் ஆவி வரும், அது பொறியில் பற்றும். பிளக்கைத் துவாரத்திலிருந்து தள்ளி வையுங்கள், துவாரத்தைத் துணியால் மூடுங்கள். பிளக்கை எதிலும் படாமல் அந்தரத்தில் விட்டுச் செல்ஃப் அடித்தால் மின்னணு இக்னிஷன் உள்ள வண்டிகளில் அதன் பெட்டியே எரிந்துவிடலாம்.

கரண்ட் இல்லையென்றால்

இந்தப் பகுதியில் சற்று நிதானமாக நிற்க வேண்டும். நான் கண்டவரை பழைய கார்களில் மிக அதிகமாக ஏமாற்றுவது இதுதான், மிக மலிவாகச் சரியாவதும் இதுதான்.

மாருதி 800இன் கார்புரேட்டர் மாடல்கள், அம்பாசிடர், பிரீமியர் பத்மினி எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றே. பேட்டரியின் 12 வோல்ட் காயிலுக்குள் போகிறது. காயிலுக்குள் தடித்த கம்பிச் சுருள் ஒன்று, அதைவிடப் பல மடங்கு சுற்றுகள் கொண்ட மெல்லிய சுருள் இன்னொன்று. தடித்த சுருளில் ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று அறுத்தால் மெல்லிய சுருளில் பல ஆயிரம் வோல்ட் எழும்பும். அறுக்கும் வேலையைச் செய்வது, ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் என்ற திறந்து மூடும் தொடுமுனை; பிற்கால மாடல்களில் அந்த இடத்தில் ஒரு மின்னணுச் சுவிட்ச். எழும்பிய வோல்ட் நடு ஒயர் வழியாக டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு வந்து, உள்ளே சுழலும் ரோட்டார் மூலம் எந்த பிளக்கின் முறையோ அதற்குப் போய்ச் சேரும். மூன்று சிலிண்டர் இன்ஜின் செல்ஃபில் நிமிடத்துக்கு 250 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், இந்த முழு நாடகமும் ஒரு வினாடிக்கு ஆறு முறை நடக்கிறது.

தேடுவதற்கு ஒரு சிறிய டெஸ்ட் லேம்ப் போதும். ஒரு முனையை எர்த்தில், அதாவது இன்ஜினின் வெறும் உலோகத்தில் மாட்டி, மறு முனையைக் காயிலின் நெகட்டிவ் பக்கம், அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சிறிய ஒயரில் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். விளக்கு மினுக் மினுக்கென்று துடித்தால் பாயிண்ட் திறந்து மூடுகிறது. கோளாறு காயிலுக்கு அப்பால், உயர் வோல்ட் பக்கத்தில். துடிக்காமல் நின்று எரிந்தால் பாயிண்ட் சேரவில்லை. அழுக்கோ, எண்ணெயோ, இடைவெளி அதிகமோ. எரியவே இல்லையென்றால் லேம்பைக் காயிலின் பாசிட்டிவ் பக்கம் வையுங்கள். அங்கும் எரியாவிட்டால் சாவித் துவாரம், ஃபியூஸ், நான் சொன்ன மறைவுச் சுவிட்ச் ஆகியவற்றில் ஒன்று. அங்கே எரிந்தால் பாயிண்ட் திறக்காமல் ஒட்டியே கிடக்கிறது, அல்லது பாயிண்டோடு இணைந்த கண்டன்சர் உள்ளுக்குள் எர்த் ஆகிவிட்டது.

பாயிண்ட் முகங்கள் கருகியிருந்தால் நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்து, இடைவெளியைப் பாருங்கள். பல வண்டிகளில் சுமார் 0.4 மில்லிமீட்டர் வரும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே முடிவானது. தேய்த்த சில நாள்களில் மறுபடி கருகினால் குற்றவாளி கண்டன்சர். பாயிண்ட் திறக்கும் நொடியில் மின்சாரம் இடைவெளியைத் தாண்டிக் குதித்து முகங்களைச் சுட்டுவிடாமல் தாங்கிக்கொள்வது அதன் வேலை. அது கெட்டால் பொறியும் மஞ்சளாகிவிடும்.

லேம்ப் துடிக்கிறது, பிளக்கில் மட்டும் பொறி இல்லை என்றால் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே நடுவில் ஸ்பிரிங்கோடு ஒரு கரித் துண்டு இருக்கும். தேய்ந்து காணாமல் போயிருக்கலாம். ரோட்டாரின் உலோக முனை அரித்திருக்கலாம். மூடியின் உட்சுவரில் பென்சிலால் கிழித்தது போல மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் அதை விடாதீர்கள். அது விரிசலில் படிந்த கரி. வோல்ட் பிளக்குக்குப் போகாமல் அந்தக் கோட்டின் வழியே எர்த்துக்கு ஓடிவிடும்.

எங்கள் வண்டியில் இருந்தது இதுதான். மழை இரவொன்றில் மின்சாரம் போயிருந்தது. பானெட்டைத் திறந்து வைத்து, அக்காவைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். இருட்டில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேல் நீல நூல்கள் நெளிந்து ஓடின. பகலில் எத்தனை முறை பார்த்தும் தெரியாதது அந்த இருட்டில் தெரிந்தது. மூடியைத் துடைத்து உலர்த்தியதும் வண்டி கிளம்பிவிட்டது. மறுநாள் புது மூடி வாங்கிப் போட்டோம். பேட்டரிக்குக் கொடுத்த பணத்தில் சிறு பங்குகூட அதற்கு ஆகவில்லை. ஈரத்தில் மட்டும் மக்கர் செய்யும் வண்டி உங்களிடம் இருந்தால் முதலில் இந்த இருட்டுச் சோதனையைச் செய்யுங்கள். பிளக் ஒயர்களின் உறை வெடித்திருந்தாலும் இதே போலக் கசிவு தெரியும்.

பெட்ரோல் பக்கம்

பொறி நன்றாக விழுகிறது, பிளக் காய்ந்திருக்கிறது என்றால் ஒரு குறுக்குவழி உண்டு. ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து கார்புரேட்டர் வாயில் ஒரு தேக்கரண்டி பெட்ரோல் விட்டு, பாட்டிலை அப்பால் கொண்டுபோய் வைத்து, மூடியைத் திரும்ப மாட்டிவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். மூடி இல்லாமல் செய்தால் கார்புரேட்டர் தீயைத் துப்பும் அபாயம் இருக்கிறது. இரண்டு வினாடி ஓடி அணைந்தால் கரண்ட், கம்ப்ரஷன் இரண்டும் சரி. பெட்ரோல்தான் வந்து சேரவில்லை.

கார்புரேட்டருக்குப் பெட்ரோல் ஏற்றித் தருவதைப் பட்டறையில் ஏ.சி. பம்பு என்பார்கள். குளிர்சாதனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இன்ஜினின் கேம் தண்டு தள்ளத் தள்ள, உள்ளே இருக்கும் ரப்பர்த் தகடு மேலும் கீழும் போய்ப் பெட்ரோலை இழுக்கும். காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, பம்பிலிருந்து கார்புரேட்டருக்கு வரும் குழாயைப் பாட்டிலில் விட்டுச் செல்ஃப் அடித்தால் விட்டுவிட்டுப் பீய்ச்ச வேண்டும். வராவிட்டால் ஃபில்டர், தொட்டியிலிருந்து வரும் ரப்பர்க் குழாய், பம்பு என்ற வரிசையில் பாருங்கள். இன்ஜின் ஆயில் குச்சியை முகர்ந்து பெட்ரோல் வாடை அடித்தால் பம்பின் ரப்பர்த் தகடு கிழிந்து பெட்ரோல் ஆயிலில் கலந்திருக்கலாம். ஆயிலையும் மாற்றாமல் வண்டியை ஓட்டாதீர்கள்.

ரப்பரைப் பற்றிப் பேசும்போது ஒன்று. 2023 முதல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நம் பெட்ரோல் பங்க்குகளுக்குப் படிப்படியாக வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் இளக்கும் அல்லது வெடிக்கச் செய்யும். நீர் அளவு கூடினால் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். பம்பு முதலில் இழுப்பது அந்த அடித்தண்ணீரைத்தான். மாதக்கணக்கில் நிற்கும் வண்டி என்றால் பிடித்த பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் சிறிது நேரம் வைத்துப் பாருங்கள். கீழே தனி அடுக்காக ஏதாவது நின்றால் தொட்டியைக் கழுவ வேண்டும்.

சித்திரை வெயிலில் நெடுந்தூரம் வந்து, டீ குடிக்க நிறுத்தி, கால் மணி நேரம் கழித்துக் கிளப்பினால் பிடிக்கவில்லையா? இன்ஜின் சூட்டில் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகிப் பம்பு வெறும் ஆவியை இழுத்துக்கொண்டிருக்கிறது. அம்பாசிடர் ஓட்டுநர்கள் பம்பின் மேல் ஈரத் துணியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். சரியான வைத்தியம் அதுவே.

எதிர்க்கோளாறும் உண்டு. குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்க இழுக்கும் சோக்கை, சூடான இன்ஜினிலும் இழுத்து, ஆக்சிலேட்டரையும் நாலு முறை மிதித்தால் பெட்ரோல் வெள்ளமாகிவிடும். சோக்கை உள்ளே தள்ளுங்கள். ஆக்சிலேட்டரை ஒரே அடியாகத் தரை வரை மிதித்துப் பிடித்துக்கொண்டு, மறுபடி மறுபடி மிதிக்காமல், பத்து வினாடி செல்ஃப் அடியுங்கள். உள்ளே போகும் காற்று பெட்ரோலை உலர்த்திவிடும். அப்படியும் பிடிக்காவிட்டால் பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள்.

2000ஆம் ஆண்டுவாக்கில் மாருதி 800க்கும் கார்புரேட்டர் போய், பெட்ரோலை ஊசி வழியே பீய்ச்சும் முறை (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) வந்தது. இவற்றில் பம்பு தொட்டிக்குள் இருக்கும். ரேடியோவை அணைத்துவிட்டு சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்பினால், பின் சீட்டுப் பக்கமிருந்து இரண்டு வினாடி ‘ம்ம்ம்’ என்ற ஒலி வர வேண்டும். வராவிட்டால் ஃபியூஸ், ரிலே, பிறகு பம்பு. டாஷ்போர்டில் சாவி அல்லது பூட்டுப் படம் விடாமல் மின்னினால் திருட்டுத் தடுப்புக் கருவி உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை. மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். பொறியும் இல்லை, பெட்ரோலும் பீய்ச்சவில்லை என்றால் இன்ஜின் சுற்றுவதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார்மீது சந்தேகம் வலுக்கும். இதற்கு மேல், வண்டியின் கணினியிலிருந்து கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும்.

கரண்ட் இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, அப்போதும் பிடிக்கவில்லை என்றால் மிஞ்சுவது நேரமும் அழுத்தமும். கார்புரேட்டர் வழியே ‘பட்’ என்று வெடிச் சத்தம் வந்தால், அண்மையில் யாராவது பிளக் ஒயர்களைக் கழற்றி இடம் மாற்றி மாட்டினார்களா என்று கேளுங்கள். மாருதி 800இல் சிலிண்டர்களுக்குப் பொறி விழும் வரிசை 1-3-2. பத்மினிக்கும் அம்பாசிடருக்கும் 1-3-4-2. டைமிங் பெல்ட்டைச் சந்தேகித்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்துவைத்துச் செல்ஃப் அடியுங்கள். இன்ஜின் சுற்றியும் ரோட்டார் அசையாமல் நின்றால் பெல்ட் போய்விட்டது. பெல்ட் நலமாக இருந்தால், காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, பிளக் துவாரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது விரலைத் தள்ளிவிட்டுக் காற்று சீற வேண்டும். ஒரு சிலிண்டரில் மட்டும் சீறாவிட்டால் அது வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் வேலை. வீட்டு வாசலில் முடிவதில்லை.

பட்டறைக்குப் போன் செய்யும்போது ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். செல்ஃப் எப்படிச் சுற்றுகிறது, பிளக் ஈரமா காய்ந்ததா, பொறி என்ன நிறம், மழையிலா வெயிலிலா நின்றது என்ற நான்கையும் சொல்லுங்கள். தொழில் தெரிந்த மெக்கானிக் அதைக் கேட்டுவிட்டு எந்தப் பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று அங்கேயே தீர்மானித்துவிடுவார்.